கிறிஸ்துமஸ் பந்தியும் வீட்டு வழக்கமும்

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

பெத்லகேம் என்னும் ஊர்ப்பெயருக்கு எபிரேய மொழியில் ‘அப்பத்தின் வீடு’ என்பது பொருள். அதே ஊரை அரபு மொழியில் ‘பெய்த் லஹ்ம்’ என்கிறார்கள். அதற்கு ‘இறைச்சியின் வீடு’ என்று பொருளாம். பாலன் இயேசுவை அன்னை மரியாள் கிடத்திய இடமோ ஆடுமாடுகள் தீனி தின்னும் தொட்டி. இதையெல்லாம் எண்ணிப் பார்க்கும்போது கிறிஸ்து பிறப்பு விழா தொடக்கத்திலிருந்தே உணவோடு சேர்ந்து வந்த விழா என்றே தோன்றுகிறது. நடுநிசிப் பூசைக்கு அடுத்தபடியாக நாம் எல்லோரும் ஆவலோடு எதிர்பார்ப்பது அன்றைய பந்திதான் என்று சொன்னால் அருட்சகோதரிகள் எங்களைக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறோம்.

இன்று கிறிஸ்துமஸ் விருந்து என்றால் கேக், பிரியாணி என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். ஆனால் எங்கள் சாத்தாங்காட்டில் நாலு வீடு ஏறி இறங்கினால் நாலு விதமான பந்தியைக் காணலாம். எங்கள் ஊர் திருவொற்றியூருக்கு மேற்கே, மணலிக்குப் போகும் வழியில் இருக்கிறது. இரும்பு அங்காடி இருக்கும் இடம் என்றால் சென்னையில் பலருக்கும் விளங்கும். தகடும் கம்பியும் ஏற்றிய லாரிகள் இரவு பகல் பாராமல் போய்க்கொண்டே இருக்கும். துறைமுகத்திலும், எண்ணூரில் 1940களின் இறுதியில் எழுந்த மோட்டார்த் தொழிற்சாலையிலும், மணலியில் 1960களில் கட்டத் தொடங்கிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையிலும் வேலை தேடி எங்கள் பாட்டன்மார் பல மாவட்டங்களிலிருந்து வந்து சேர்ந்தார்கள். ஒரு தகரப் பெட்டியும் ஒரு ஜெபமாலையும் கொண்டு வந்தவர்கள், நாக்கில் தம் ஊர்ச் சுவையையும் கொண்டு வந்தார்கள். ஆகையால் எங்கள் வகுப்புத் தோழியரின் வீடுகளிலேயே விசாரிப்பது என்று முடிவு செய்து, ஒரு நோட்டுப் புத்தகத்துடன் புறப்பட்டோம். கேட்டது இரண்டே கேள்விகள். கிறிஸ்துமஸ் அன்று உங்கள் வீட்டில் தவறாமல் செய்வது என்ன? அதை முதன்முதல் செய்தவர் யார்?

முதல் கேள்விக்கு எல்லோரும் உடனே பதில் சொன்னார்கள். இரண்டாவது கேள்விக்குத்தான் பலரும் யோசித்தார்கள்.

இட்லியும் கறிக்குழம்பும்

பல வீடுகளில் எங்களுக்குக் கிடைத்த முதல் பதில் ‘இட்லி, ஆட்டுக்கறிக் குழம்பு’ என்பதே. பூசை முடிந்து குடிலைச் சுற்றி நின்று வாழ்த்துச் சொல்லி வீடு திரும்ப இரண்டு மணியாகிவிடும். கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்தால் அடுப்பில் குழம்பு கொதிக்கும் வாசனை வரும். இது ஏன் காலையிலேயே கறி என்று நாங்கள் யோசித்ததில்லை. ராயபுரத்தில் பிறந்து வளர்ந்த ஒரு தோழியின் ஆயாதான் விளக்கினார்.

“அப்பல்லாம் இருவத்தி நாலாம் தேதி பூரா கறி வாய்ல வைக்க மாட்டோம்மா. கஞ்சி, தொவையல் அவ்ளோதான். பூசை முடிஞ்சி வந்து கொழம்பு வாசனை மூக்குல ஏறிச்சின்னாதான் பண்டிகை வந்தா மாரி இருக்கும்.”

ஆயா சொன்னது சரியே. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய நாள் நோன்பு நாளாகவும் புலால் தவிர்க்கும் நாளாகவும் இருந்தது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1966இல் தவ ஒழுங்குகளைத் திருத்திய பிறகு அந்தக் கட்டாயம் நீங்கியது. அந்நாளில் மற்ற நாட்டுக் கத்தோலிக்கர்களும் இந்த நோன்பை ஒட்டியே தங்கள் பந்தியை அமைத்துக்கொண்டார்கள். தென் இத்தாலியக் குடும்பங்களில் அன்று மாலை மீன்தான். அங்கிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர்கள் அதையே ஏழு மீன் விருந்து என்று கொண்டாடுகிறார்கள். போலந்து நாட்டில் வானில் முதல் விண்மீன் தெரியும் வரை காத்திருந்து, புலால் இல்லாத பன்னிரண்டு வகைப் பதார்த்தங்களோடு அமர்வார்கள். அவர்கள் மேசையில் யாரும் உட்காராத ஓர் இடம் காலியாக இருக்கும். எதிர்பாராமல் கதவைத் தட்டும் விருந்தாளிக்காக அது. திருக்குறளில் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே உண்டு அல்லவா? நம் பாட்டிமாருக்கு அந்தக் காலி நாற்காலியைப் பற்றிச் சொன்னால் வியக்கவே மாட்டார்கள்.

பெயருக்கும் பொருளுக்கும் தொடர்பில்லாத இரண்டு

நாகர்கோவிலிலிருந்து வந்த குடும்பத்துத் தோழி ஒருத்தி எங்களுக்கு முந்திரிக்கொத்து கொடுத்தாள். தின்றுகொண்டே, “இதில் முந்திரிப் பருப்பே இல்லையே!” என்று ஒருத்தி கேட்டுவிட்டாள். அவளுடைய ஆச்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “மக்கா, முந்திரின்னா எங்க ஊர்ல கொடியில காய்க்கிற முந்திரியாக்கும்” என்றார். கொடிமுந்திரி என்பது திராட்சையின் பழைய பெயர். மூன்று நான்கு உருண்டைகளைச் சேர்த்து மாவில் தோய்த்து எண்ணெயில் விட்டால் அவை ஒட்டிக்கொண்டு திராட்சைக் கொத்துபோல் வரும். அதனால் அந்தப் பெயர்.

ஆங்கிலேயரின் பிளம் கேக்கும் இப்படித்தான். அதில் பிளம் பழம் இல்லை. பழைய ஆங்கிலத்தில் உலர்ந்த திராட்சை போன்றவற்றைப் பிளம் என்றே சொல்லி வந்தார்கள். நாகர்கோவில் ஆச்சியும் இங்கிலாந்துப் பாட்டியும் ஒருவரை ஒருவர் பாராமலே தத்தம் பலகாரத்துக்குத் திராட்சையின் பெயரை வைத்திருக்கிறார்கள்!

ஆச்சியிடம் செய்முறை கேட்டோம். சிறுபயற்றை வாசனை வரும் வரை வறுத்துச் சற்றுக் கொரகொரப்பாகத் திரிக்க வேண்டும். தேங்காய்த் துருவலை ஈரம் போக வறுத்து, எள், ஏலக்காய், சுக்குப் பொடி சேர்க்க வேண்டும். வெல்லப் பாகு கம்பிப் பதம் வந்ததும் ஊற்றிக் கிளறி, கை பொறுக்கும் சூட்டிலேயே உருட்டிவிட வேண்டும். ஆறினால் உதிரும். பிறகு உப்பும் ஒரு சிட்டிகை மஞ்சளும் போட்ட பச்சரிசி மாவுக் கரைசலில் தோய்த்துப் பொரிக்க வேண்டும். இதுவரை எளிதாகத்தான் இருந்தது. “எவ்வளவு வெல்லம் ஆச்சி?” என்று கேட்டபோதுதான் சிக்கல் வந்தது. “அந்தச் செம்புக்கு முக்கால்” என்றார். அந்தச் செம்பு அவருடைய மாமியார் கொடுத்த பித்தளைச் செம்பு. நாங்கள் அதில் அரிசியைக் கொட்டி, கடையில் விற்கும் அளவுக் குவளையால் அளந்து, எத்தனை குவளை என்று நோட்டில் எழுதிக்கொண்டோம். எழுதி முடிக்கும் வரை தோழியின் அம்மா அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தமக்கும் இந்த அளவு இதுநாள் வரை தெரியாது என்று பிறகு சொன்னார்.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறோம் என்றால், எங்கள் வகுப்பிலேயே இன்னொரு தோழியின் வீட்டில் இந்த வாய்ப்பு கைநழுவிப் போய்விட்டது. அவள் பாட்டி தூத்துக்குடிக்காரர். முட்டை வெள்ளைக் கருவும் முந்திரியும் சர்க்கரையும் கொண்டு மக்ரூன் செய்வார். தூத்துக்குடியில் அது பெயர் பெற்ற பண்டம். பாட்டி இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. முட்டை வெள்ளையை அவர் எந்த அளவுக்கு அடிப்பார், அடுப்பை எப்போது தணிப்பார் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அம்மா இரண்டு முறை முயன்றும் அது தட்டில் பரவிப்போயிற்று. இப்போது ஊரிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லிப் பொட்டலமாக வரவழைக்கிறார்கள். “ருசி அதேதான். ஆனால் பாட்டி எனக்கென்று ஓரத்தில் சின்னதாக ஒன்று ஊற்றுவாங்க. அது பொட்டலத்தில் வராது” என்றாள் எங்கள் தோழி.

வந்தவையும் நம்முடையவையே

அச்சு முறுக்கைப் பற்றி ஒரு விவாதமே நடந்தது. அது நம் சொந்தப் பலகாரம் என்று பாதிப் பேரும், இல்லை என்று பாதிப் பேரும் வாதாடினார்கள். சுவீடன், நார்வே நாடுகளில் கிறிஸ்துமஸுக்கு ‘ரொசெட்’ என்று ஒரு பலகாரம் செய்கிறார்கள். இரும்பு அச்சைக் காய்ந்த எண்ணெயில் வைத்து, மாவில் தோய்த்து, மறுபடி எண்ணெயில் விட்டுப் பொரிக்கும் அதே முறை. இலங்கையில் இதற்கு ‘கொக்கிஸ்’ என்று பெயர். டச்சுக்காரரின் சொல்லிலிருந்து வந்தது என்பர். அங்கே சித்திரைப் புத்தாண்டுக்கு அது இல்லாமல் தட்டு நிறையாது. நமக்கு வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்து கோட்டை கட்டியிருந்தார்கள் என்பதும் நினைவுகூரத்தக்கது. ஐரோப்பியரிடமிருந்து அச்சு வந்திருக்கலாம். ஆனால் பச்சரிசி மாவும் தேங்காய்ப்பாலும் எள்ளும் சேர்த்தவர்கள் நம் பெண்கள்தாம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அச்சு நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். மாவில் முக்கால் பாகமே அமிழ்த்த வேண்டும். மேல் விளிம்பு வரை மாவு ஏறிவிட்டால் முறுக்கு அச்சை விட்டுக் கழன்று வராது. புதிய அச்சாக இருந்தால் முந்திய நாளே எண்ணெயில் ஊறப் போட வேண்டும். எங்களில் சிலர் செய்து பார்த்தோம். முதல் ஆறு வீணாயின. ஏழாவது தானாகவே கழன்று மிதந்தபோது நாங்கள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அத்தை ஓடி வந்துவிட்டார்.

கலகலா, குல்குல் என்று சொல்லும் மைதாப் பலகாரமும் கடல் வழியாக வந்ததே. கோவாக் கிறிஸ்தவர்கள் இதைப் பெரிதும் செய்கிறார்கள். மாவு உருண்டையைப் புதுச் சீப்பின் பல்லில் வைத்துத் தேய்த்துச் சுருட்டுவது சிறு பிள்ளைகளின் வேலை. வீட்டில் உள்ள பழைய சீப்பை எடுக்கக் கூடாது என்று ஏன் எச்சரிக்கிறார்கள் என்பதை இங்கே விளக்க வேண்டியதில்லை.

இனி கேக். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1ஆம் நாள் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. ரயில்வே வேலையோடு ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ராயபுரம், பெரம்பூர்ப் பகுதிகளில் நிறைந்தன. தேங்காய்ப்பால் மஞ்சள் சோறு, கொத்துக்கறி உருண்டைக் குழம்பு, சிவந்த வெங்காயச் சட்னி, அதற்குமேல் பிளம் கேக் என்பது அவர்கள் பந்தி. வீட்டில் பெரிய அடுப்பு கிடையாது. ஆகையால் கலவையைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போய்த் தெருமுனைப் பேக்கரியில் கொடுத்துச் சுட்டு வாங்குவார்களாம். தகரத் தட்டில் பெயர்ச் சீட்டு வைக்கவில்லை என்றால் கேக் மாறிப்போகும்! பேக்கரிக்குப் போக முடியாதவர்கள் பிரஷர் குக்கரில் மணலைப் பரப்பி, ரப்பர் வளையமும் குண்டும் இல்லாமல் மூடிச் சுட்டார்கள். எங்கள் அம்மாக்கள் சிலர் இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள். கேக்கின் கறுப்பு நிறம் கருக்கிய சர்க்கரையால் வருவது. பழங்களை ரம்மில் ஊற வைப்பது பற்றி இம்மலரில் எழுதுவது முறையன்று. திராட்சைச் சாற்றிலும் ஆரஞ்சுச் சாற்றிலும் ஊற வைத்துக் குளிர்பெட்டியில் வைத்தாலும் நன்றாகவே இருக்கிறது.

இந்தியாவில் முதல் கிறிஸ்துமஸ் கேக்கைச் சுட்டவர் கேரளத்துத் தலச்சேரியைச் சேர்ந்த மாம்பள்ளி பாபு என்று கூறுவர். பர்மாவில் ரொட்டித் தொழில் கற்று வந்து கடை வைத்திருந்த அவரிடம், மர்டாக் பிரவுன் என்னும் தோட்ட முதலாளி 1883இல் இங்கிலாந்து கேக் ஒன்றைக் கொடுத்து, இதேபோல் செய்ய முடியுமா என்று கேட்டாராம். கேட்டவருக்கு அது பழைய வழக்கம். செய்தவருக்கோ அது முற்றிலும் புதிது. புதிதாகச் செய்தவரின் கைவண்ணம் பிடித்துப்போய் இன்று நாம் எல்லோரும் கேக் இல்லாத கிறிஸ்துமஸை நினைத்துப் பார்ப்பதில்லை.

பர்மா என்றதும் எங்கள் வகுப்பில் ஒருத்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் தாத்தா ரங்கூனில் பிறந்தவர். 1962இல் அங்கே இராணுவ ஆட்சி வந்து, கடைகளும் தொழில்களும் அரசுடைமையானபோது ஆயிரக்கணக்கான தமிழர்கள் கப்பலேறிச் சென்னைக்குத் திரும்பினார்கள். வடசென்னையில் பல இடங்களில் குடியமர்ந்தார்கள். பர்மா பஜாருக்கு எதிரே தள்ளுவண்டிகளில் விற்கும் அத்தோ அவர்கள் கொண்டு வந்ததே. எங்கள் தோழி வீட்டில் கிறிஸ்துமஸ் இரவு பிரியாணி கிடையாது. நூடுல்ஸில் முட்டைக்கோஸ், புளிக்கரைசல், பொரித்த வெங்காயம், பூண்டு, வறுத்த மிளகாய்த் தூள் போட்டுக் கையால் பிசைந்த அத்தோவும், சுடச்சுட வாழைத்தண்டு சூப்பும்தான். சிறு வயதில் இதை வெளியே சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்ததாம். இவ்வாண்டு எங்களுக்கும் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள்.

வெள்ளம் வந்த ஆண்டு

இரண்டாவது கேள்விக்கு, அதாவது முதன்முதல் செய்தவர் யார் என்பதற்கு, நாளும் மாதமும் சேர்த்துப் பதில் சொன்ன வீடு ஒன்றே ஒன்று.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்ததை நாம் யாரும் மறக்க முடியாது. 3, 4ஆம் தேதிகளில் பெய்த மழையில் வடசென்னையின் தாழ்ந்த தெருக்களெல்லாம் மூழ்கின. அந்த வெள்ளத்தில் கசடு எண்ணெயும் கலந்துவிட்டது. எர்ணாவூர்ப் பக்கம் வீட்டுச் சுவர்களில் தண்ணீர் நின்ற உயரத்துக்குக் கறுப்புக் கோடு விழுந்திருந்தது. எண்ணெய் கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரம் வரை பரவியது. காட்டுக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் ஆகிய மீனவ ஊர்களில் படகும் வலையும் கறுத்துப் போயின. வாளியும் முறமும் கொண்டு மீனவர்களே எண்ணெயை அள்ளினார்கள். எண்ணூர் இறால் என்றாலே அன்று வாங்குவாரில்லை. எங்கள் தோழி ஒருத்தியின் சித்தி வீடு அங்கேதான். கிறிஸ்துமஸ் என்றால் ஆற்று இறாலில் தொக்கு வைத்து ஒரு தூக்குப் பாத்திரம் நிறைய அனுப்புவார். அந்த ஆண்டு தூக்கு வரவில்லை. சித்திதான் வந்தார், வெறுங்கையோடு. இருபத்தாறாம் தேதி இரவோ அமோனியா வாயு கசிந்து, பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓட வேண்டியதாயிற்று.

நாங்கள் சொல்ல வந்த வீடு சாத்தாங்காட்டிலேயே ஒரு தாழ்ந்த தெருவில் இருக்கிறது. வெள்ளத்தில் அவர்கள் வீட்டு அரிசி, மைதா, ஊற வைத்திருந்த பழங்கள், எரிவாயு அடுப்பு எல்லாம் நாசமாயின. கிறிஸ்துமஸ் அன்று வீட்டில் இருந்தவை நிவாரணப் பையில் வந்த ரவை, சர்க்கரை, ஒரு பாக்கெட் எண்ணெய் ஆகியவையே. அம்மா பக்கத்து வீட்டில் அடுப்பு கேட்டு வாங்கிக் கேசரி கிண்டினார். நெய் இல்லை, முந்திரி இல்லை, ஏலக்காய்கூட இல்லை. நாற்காலிகளும் ஊறிப்போயிருந்ததால் தரையில் பழைய செய்தித்தாளை விரித்துச் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டிலிருந்து தின்றார்களாம்.

அடுத்த ஆண்டு அவர்கள் நிலைமை சீரடைந்துவிட்டது. கேக் வந்தது, கறி வந்தது. ஆனால் காலையில் அம்மா மறுபடி அதே கேசரியைக் கிண்டி, அதே போல் தரையில் தாள் விரித்தார். முந்திரி அலமாரியில் இருந்தும் போடவில்லை. எங்கள் தோழியின் தம்பிக்கு அப்போது ஆறு வயது. “ஏம்மா முந்திரி போடலை?” என்று கேட்டான். அம்மா உட்கார்ந்து, தண்ணீர் எந்த அளவு வந்தது, அவனை யார் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள், அடுப்புக் கொடுத்த அக்கா யார் என்று எல்லாவற்றையும் சொன்னார். அன்றுமுதல் அது அவர்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது.

விடுதலைப் பயண நூலின் 12ஆம் அதிகாரத்தை வாசித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. இஸ்ரயேல் மக்கள் எகிப்திலிருந்து அவசரமாகப் புறப்பட்டபோது மாவு புளிக்க நேரமில்லை. அந்தப் புளியாத அப்பமே ஆண்டுதோறும் பாஸ்கா உணவாயிற்று. இந்தச் சடங்கு எதற்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள், கேட்கும்போது நடந்ததைச் சொல்லுங்கள் என்று மோசே அங்கே கட்டளையிடுகிறார். வழக்கம் உண்டாவதற்கு முந்நூறு ஆண்டுகள் வேண்டும் என்றுதான் நாங்கள் எண்ணியிருந்தோம். ஜப்பானில் கிறிஸ்துமஸுக்குக் கென்டக்கி கடையின் வறுத்த கோழி வாங்குவது 1974இல் தொடங்கிய ஒரு விளம்பரத்தால் வந்த பழக்கமாம். அதைப்பற்றி நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் ‘ஏன் கோழி?’ என்று அங்கே ஒரு பிள்ளை கேட்டால் தாய் என்ன சொல்வாள் என்று எங்களில் ஒருத்தி கேட்டதற்கு எங்களிடம் பதில் இல்லை.

யார் கை வலிக்கிறது?

வீடு வீடாகக் கேட்டபோது இன்னொன்றும் எங்கள் கண்ணில் பட்டது. எல்லோரும் பலகாரத்தைப் புகழ்ந்தார்கள். செய்தவர் மட்டும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாரம் முழுவதும் மாவு இடித்து, பாகு காய்ச்சி, பூசைக்குப் போய் வந்து மறுபடி அடுப்பின் முன் நிற்பது அம்மாக்களே. ஆயத்த ஆடைக் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் அம்மாக்களுக்கு விடுமுறையே ஒரு நாள்தான். “வழக்கம் வழக்கம்னு சொல்றீங்களே, வந்து உருட்டிக் குடுங்க, அப்புறம் எழுதுங்க” என்று ஓர் அம்மா எங்களிடம் நேராகவே சொன்னார். அது நியாயமே.

இங்கிலாந்தில் ஆங்கிலிக்கன் சபையாரிடம் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. திருவருகைக் காலத்துக்கு முந்தைய ஞாயிறன்று கிறிஸ்துமஸ் புட்டிங் கலவையை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும், தாத்தாவிலிருந்து கைக்குழந்தை வரை, ஒரு முறை கிளறிவிட வேண்டும். கிளறும்போது மனத்தில் ஒன்றை வேண்டிக்கொள்வார்கள். அன்றைய மன்றாட்டு ‘கிளறிவிடும்’ என்ற பொருளில் தொடங்குவதால் அந்த ஞாயிறுக்கே கிளறும் ஞாயிறு என்று பெயர். நம் வீட்டுத் தம்பிமாரையும் அண்ணன்மாரையும் அப்பாக்களையும் இந்த முறையில் அடுக்களைக்குள் கொண்டுவரலாம் என்பது எங்கள் தாழ்மையான கருத்து. அண்ணன்மார் படித்தால் இந்தப் பத்தியை மட்டும் கிழித்துவிடுவார்கள் என்றும் ஒருத்தி எச்சரித்தாள்.

செலவும் இருக்கிறது. பண்டிகைக் காலத்தில் ஆட்டுக்கறியும் வஞ்சிரமும் விலை ஏறிவிடும். காசிமேட்டில் அன்று மீன் வாங்குவது எல்லோராலும் ஆகாது. மாதந்தோறும் சீட்டுக் கட்டிப் பலகாரச் சாமான் வாங்கும் வீடுகளும் உண்டு, கடன் வாங்கிப் பந்தி போட்டு ஜனவரி முழுவதும் கடன்காரருக்குப் பதில் சொல்லும் வீடுகளும் உண்டு. ஆகையால் புதிதாக ஒரு வழக்கம் தொடங்க நினைப்பவர்கள் ஒரே ஒரு பண்டத்தை எடுத்துக்கொள்ளலாம். கையில் காசு இல்லாத ஆண்டிலும் அதைச் செய்ய முடிய வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் அதில் ஒரு வேலை இருக்க வேண்டும். கேசரி செய்யும் அந்த வீட்டில் இவை யாவும் தாமாகவே அமைந்துவிட்டன.

எங்கள் வீட்டில் வழக்கம் என்று எதுவுமே கிடையாது, அப்பா கடையில் பொட்டலம் வாங்கி வருவார் என்று ஒரு தோழி சொல்லியிருந்தாள். அவள் அப்பா துறைமுகச் சரக்குப் பெட்டகங்கள் வைக்கும் யார்டில் வேலை பார்க்கிறார். கிறிஸ்துமஸ் அன்றும் ஷிப்ட் உண்டு. வீடு வர இரவு ஒன்பதாகும். எல்லோரும் சேர்ந்து உண்பதற்கு மதியப் பந்தி அவர்களுக்கு வாய்ப்பதே இல்லை. அம்மாவுக்கு ஊர் விழுப்புரம் பக்கம். பரணில் இரும்புப் பணியாரக்கல் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. திருமணத்துக்கு அம்மாவின் அம்மா கொடுத்ததாம். சென்னைக்கு வந்தபின் எடுக்கவே இல்லை. தோழியின் அம்மா அதை இறக்கிப் புளியும் உமியும் போட்டுத் தேய்த்து, எண்ணெய் தடவி மூன்று நாள் வைத்தார். இட்லி மாவில் கருப்பட்டிப் பாகும் தேங்காய்ப் பல்லும் சேர்த்தால் பணியாரம் ஆயிற்று. செலவு மிகக் குறைவு. இரவு ஒன்பதரைக்குச் சூடாக ஊற்றலாம். அப்பாவுக்குக் கருப்பட்டி உடைக்கும் வேலை, தங்கைக்குக் கம்பியால் திருப்பிப் போடும் வேலை.

கல்லில் ஏழு குழிகள். வீட்டில் இருப்பவர்கள் நால்வர். முதல் ஈட்டில் மீதி மூன்று யாருக்கு என்று பேச்சு வந்தது. அவர்கள் குடியிருக்கும் வரிசையின் கடைசி அறையில் இரும்பு அங்காடியில் சுமை ஏற்றும் ஒடிசாக்காரர் மூவர் தங்கியிருக்கிறார்கள். ஒருவர் கிறிஸ்தவர். போன கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டார் கொடுத்த அதிரசத்தைப் பிட்டுப் பார்த்துவிட்டு, “இது எங்க ஊர் அரிசா பிட்டா!” என்று அவர் துள்ளிக் குதித்தது அந்த வரிசை முழுவதும் தெரிந்த கதை. அங்கேயும் அரிசி மாவும் வெல்லப் பாகும்தான் சேர்க்கிறார்கள். தெலுங்கர் அதையே அரிசெலு என்பார்கள். ஆகவே மீதி மூன்றும் அந்த அறைக்கு என்று முடிவாயிற்று. ஆனால் தங்கைக்கு இதில் ஒரு வருத்தம். திருப்பிப் போடுகிறவள் தான் என்பதால் குழியின் நடுவில் வரும் பணியாரம் மட்டும் தனக்கே வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறாள்.